வேலியோரப் பார்த்தீனியத்தை ஊறவைத்து வெங்காயத்துக்கு அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் புத்தூரில் நாலு பரப்புத் தோட்டத்தில் சின்ன வெங்காயமும் ஒரு கரையில் பயிற்றையும் செய்கிறோம். பக்கத்துக் காணிக்காரர் வெளிநாட்டில். அந்த வெறுங்காணி முழுக்கப் பார்த்தீனியம் மூடி, இப்போது எங்கள் வேலிக்குள்ளும் வந்துவிட்டது. மகன் யூரியூப்பில் ஒரு வீடியோ காட்டினான். ஐந்து கிலோ பார்த்தீனியத்தை நறுக்கி, மாட்டுச் சலமும் சர்க்கரையும் போட்டு இரண்டு கிழமை ஊறவைத்து வடித்து அடித்தால் எல்லாப் பூச்சியும் செத்துவிடுமாம். கடை மருந்து விற்கிற விலைக்கு இது சரிவந்தால் நல்லதுதானே என்று யோசிக்கிறோம். இலையை அவித்துக் குடித்தால் மூட்டுவலியும் சீனி வருத்தமும் போகும் என்றும் அதிலேயே சொல்கிறார்கள். மாமி குடித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்று நிற்கிறா. இவர் அந்தச் செடி பிடுங்கின நாளிலிருந்து கண்ணிமையையும் கழுத்தையும் சொறிந்துகொண்டு திரிகிறார். ஆடு தின்றால் பிழையில்லையா என்பதையும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, புத்தூர்

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் நடுவில் ஒரு வரியாகப் போகிற விடயத்தைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். வெங்காயத்துப் புழு ஒரு கிழமை பொறுக்கும், உங்கள் கணவரின் தோல் பொறுக்காது. கண்ணிமை, கழுத்து, முழங்கையின் உள்மடிப்பு ஆகிய இடங்களில் பார்த்தீனியம் பிடுங்கியபின் கடி தொடங்கினால் அது பெரும்பாலும் அந்தச் செடியின் ஒவ்வாமைதான். இலையிலும் தண்டிலும் இருக்கிற நுண்ணிய மயிர்களில் அதன் நச்சு நிறைந்திருக்கிறது. அந்த மயிர் உடைந்து தூசியாகிக் காற்றில் வரும். ஆகவே செடியைத் தொட்டால்தான் வரும் என்றில்லை. காய்ந்து நிற்கிற செடிக்குக் காற்றடிக்கிற பக்கம் நின்றாலும் போதும். ஒருமுறை உடம்பு அதை எதிரியாக அடையாளம் பிடித்துவிட்டால், அடுத்தமுறை இன்னும் கொஞ்சத் தூசிக்கே இன்னும் கூடக் கடிக்கும். அதனால் இனி அவர் அந்தச் செடியில் கை வைக்கவே கூடாது. கையுறை போட்டாலும் வேண்டாம், முகத்துக்கு வருகிற தூசியைக் கையுறை தடுக்காது.

கடையில் யாரோ கொடுத்த கிறீமைக் கண்ணிமையில் பூசிக்கொண்டு திரிய விடாதீர்கள். அவற்றில் பல ஸ்ரீரொயிட் கலந்தவை, கண்ணுக்குக் கிட்டப் பல நாள் பூசினால் கண்ணையே பாதிக்கும். யாழ் போதனா வைத்தியசாலைத் தோல் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய், ‘பார்த்தீனியம் பிடுங்கினவர்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். செடியைக் காட்ட வேண்டுமென்றால் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், கொப்பு முறித்துக்கொண்டு போய்விடாதீர்கள். வீட்டில் செவ்வந்தி, சூரியகாந்தி இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவையும் பார்த்தீனியத்தின் குடும்பம்; ஒன்றுக்குச் சொறிகிறவருக்கு மற்றதற்கும் சொறிவது உண்டு. பிடுங்கிய அன்று போட்ட சாரத்தையும் சேட்டையும் மற்ற உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் தோயுங்கள்.

சரி, இனி வீடியோவுக்கு வருவோம்.

அதில் சொல்வது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். பார்த்தீனியத்தில் பூச்சியைப் பாதிக்கிற பொருள் உண்மையாகவே இருக்கிறது. முக்கியமானது பார்த்தீனின். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் அதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். இலையிலும் பூவிலும் கூட இருக்கும், தண்டிலும் வேரிலும் குறைவு. அதோடு கஃபெயிக் அமிலம், பெருலிக் அமிலம், வனிலிக் அமிலம் என்று ஒரு கூட்டம் பீனோல் அமிலங்களும் இருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்துதான் பக்கத்தில் வேறு செடி முளைக்க விடாமல் செய்கின்றன. அந்த வெறுங்காணியில் ஒரு புல்லுக்கூட இல்லாமல் பார்த்தீனியம் மட்டும் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

2001 ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு இந்திய ஆய்வில் பார்த்தீனினைச் செடியிலிருந்து பிரித்து நாலு வகையாகச் சோதித்தார்கள்: புகையிலை வெட்டுப்புழு அது பூசிய இலையைத் தின்னுமா, பயறு வண்டு சாகுமா, வேரில் முடிச்சு உண்டாக்கும் வட்டப்புழு சாகுமா, தகரை விதை முளைக்குமா. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு விளைவு இருந்தது. ஆனால் வீடியோக்காரர் சொல்லாத பகுதி இனித்தான் வருகிறது. அதே ஆய்வாளர்கள் பார்த்தீனினின் மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல வடிவங்கள் செய்து பார்த்தார்கள். புழுவைத் தின்னவிடாமல் தடுப்பதில் ஒரு வடிவம் முந்தியது, வண்டைக் கொல்வதில் இன்னொன்று முந்தியது. அதாவது செடி தருகிற சரக்கு அப்படியே நல்ல மருந்தாக இருக்கவில்லை. அதை எடுத்துச் சுத்தமாக்கி, அளந்து, மாற்றி, எந்தப் பூச்சிக்கு எந்த வடிவம் என்று பார்த்த பிறகுதான் மருந்து என்று பேசத் தொடங்கலாம். பிளாஸ்ரிக் வாளியும் சர்க்கரையும் அந்த வேலையைச் செய்யாது.

பார்த்தீனின் எப்படித் தாக்குகிறது என்று தெரிந்தால் மற்றக் கேள்விகள் பாதி தாமாகவே தீர்ந்துவிடும். அந்த மூலக்கூறின் ஓரத்தில் கொளுக்கி மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. உடம்பிலுள்ள புரதங்களில் கந்தகம் இருக்கிற இடங்களில் அது போய்க் கொளுவிக்கொள்ளும், கொளுவினால் விடாது. புரதம் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகும். புழுவின் புரதமா, வெங்காயத்தின் புரதமா, உங்கள் கணவரின் தோலிலுள்ள புரதமா என்று அது பார்ப்பதில்லை. வேம்பில் இருக்கிற அசாடிராக்ரின் அப்படியில்லை; அது பூச்சிகள் தோல் உரிப்பதற்கான ஓமோனைக் குழப்புகிறது. நாங்கள் அப்படித் தோல் உரித்து வளர்கிறவர்கள் இல்லை. பூச்சிநாசினியாக வேம்பை நம்புகிறோம், பார்த்தீனியத்தை நம்பவில்லை என்றால், அதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

இப்போது அந்த வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ என்கிறார்கள். பூக்காத இளஞ்செடியா, பூத்து முற்றினதா? இலை எவ்வளவு, தண்டு எவ்வளவு? மாரியில் செழித்ததா, வெயிலில் வாடினதா? ஒவ்வொன்றிலும் பார்த்தீனினின் அளவு மாறும். இரண்டு கிழமை புளித்தபின் எவ்வளவு மிஞ்சும் என்பதும் வாளிக்கு வாளி வேறுபடும். குறைந்துபோனால் புழு சாகாது. உங்கள் உழைப்பும் சர்க்கரையும்தான் நட்டம். கூடிப்போனால் பயிர் கருகும். ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அடிப்பதற்கு இயற்கை விவசாயம் என்று பெயர் வைத்தாலும் அது கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிப்பதுதான்.

அடிக்கப்போவது வெங்காயத்துக்கு என்பதுதான் எனக்குக் கூடக் கவலை. ஒரு செடியின் சாறு கலங்கள் பிரிவதைக் கெடுக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் எடுத்து வைக்கிற பொருள் எது தெரியுமா? வெங்காய வேரின் நுனி. நஞ்சு பட்டால் அது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். நீங்கள் அந்தப் பரிசோதனையை நாலு பரப்பில் செய்யப்போகிறீர்கள். அதுவும் பாத்தியில் ஊன்றி வேர்விடுகிற நாட்களில் இந்தக் கரைசல் மண்ணில் வடிந்தால் பயிர் குறண்டி நிற்கும். பிறகு அதை நோய் என்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து தேடுவீர்கள்.

‘எல்லாப் பூச்சியும் செத்துவிடும்’ என்கிற கதைக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, செடியே பதில் சொல்லும். யாராவது ஒருவர் முகத்தையும் கையையும் நன்றாக மூடிக்கொண்டு போய், வேலியோரத்தில் நிற்கிற பார்த்தீனியத்தின் தண்டிலும் இலைக்கணுவிலும் உற்றுப் பார்க்கட்டும். வெள்ளை மாத் தூவினதுபோல ஒட்டிக்கொண்டிருக்கிற பூச்சிகள் பெரும்பாலும் இருக்கும். அதைச் சுற்றி எறும்பு ஊரும். பப்பாசியையும் கத்தரியையும் செம்பரத்தையையும் பிடிக்கிற கூட்டம் அதுதான். பார்த்தீனியத்துச் சாற்றைக் குடித்துக்கொண்டே குடும்பம் நடத்துகிறது. அதுமட்டுமா? மெக்சிக்கோவிலிருந்து ஒரு சிறு வண்டை 1980களில் பெங்களூருக்குக் கொண்டுவந்து பார்த்தீனியத்தை அழிப்பதற்கென்றே விட்டார்கள். அது இலையைத் தின்று நரம்பை மட்டும் விடும். ஆகவே எந்தப் பூச்சிக்கு இது நஞ்சு, எதற்குச் சாப்பாடு என்பது பூச்சிக்குப் பூச்சி வேறு.

கிணற்றையும் யோசியுங்கள். நிலாவரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சுண்ணக்கல்லைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேலே ஊற்றுவது நம் மண்ணில் கீழே போக நெடுநாள் எடுக்காது. பார்த்தீனின் மண்ணில் பல காலம் நிற்கிற சாமான் இல்லை, அது உண்மை. ஆனால் வாளி கழுவின தண்ணியைத் துலாவுக்குக் கீழே ஊற்றினால் மண்ணில் சிதைவதற்கு அதற்கு நேரமே கிடைக்காது. கடை மருந்தில் கடைசியாக அடித்து எத்தனை நாளுக்குப் பிறகு பிடுங்கலாம் என்று போத்தலில் எழுதியிருக்கும். இந்தக் கரைசலுக்கு அப்படி ஒரு நாள்கணக்கு யாரும் வைக்கவில்லை. பயிற்றை இரண்டு நாளுக்கு ஒருக்கால் முறிக்கிற காய். இன்றைக்கு அடித்ததை நாளன்றைக்குத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிக்கொண்டு போகிற ஆளையும் நினைக்க வேண்டும்.

ஆக, அடிக்க வேண்டாம். அடிக்கிற வேலை பெரும்பாலும் கணவர் செய்வார் என்றால், அந்தத் தூவல் முகத்தில் படுவதை நினைத்தாவது வேண்டாம்.

மாமிக்கு வருவோம். மூத்தவர்களிடம் ‘கூடாது’ என்று மட்டும் சொன்னால் கேட்கமாட்டார்கள், காரணத்தோடு சொல்லுங்கள். பார்த்தீனியம் மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்துச் செடி. இந்தியாவில் 1950களின் நடுவில் புனேயில் கண்டார்கள். எங்கள் பக்கத்துக்கு 1987இல் வந்த இந்தியப் படையின் இறைச்சி ஆடுகளோடு வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எப்படி வந்தாலும், மாமியின் மாமி காலத்தில் இந்தச் செடி யாழ்ப்பாணத்தில் இல்லை. பரம்பரைப் பரியாரி எவருடைய ஏட்டிலும் இது இருக்க வழியில்லை. ‘முன்னோர் மருந்து’ என்று வீடியோவில் சொல்கிறவர் எந்த முன்னோரைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை மாசிபத்திரியோடு குழப்பிக்கொண்டாரோ தெரியாது; இரண்டின் இலையும் பார்வைக்குக் கொஞ்சம் ஒத்திருக்கும்.

செடியின் சொந்த ஊர்ப்பக்கம், கரிபியன் தீவுகளிலும் மத்திய அமெரிக்காவிலும், காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் தோல் வருத்தத்துக்கும் இதை அவித்துப் பாவித்திருக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் அமீபாக் கிருமிக்கு எதிராகவும் சில புற்றுநோய்க் கலங்களுக்கு எதிராகவும் பார்த்தீனின் வேலை செய்திருக்கிறது. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடித் தட்டில் கலத்தைக் கொல்வது பெரிய காரியமில்லை. நோயுற்ற கலத்தைக் கொன்று நல்ல கலத்தை விடுவதுதான் மருந்து. கொளுக்கிக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று மேலேயே சொன்னேன்.

இதே குடும்பத்தில்தான் மலேரியாவுக்குப் பெரிய மருந்து கிடைத்தது என்று யாராவது வாதாடினால், அதுவும் சரிதான். ஆர்ட்டெமிசினின் என்கிற அந்த மருந்தும் பார்த்தீனினும் வேதியியலில் ஒரே வகுப்பு. அதைக் கண்டுபிடித்த சீன ஆய்வாளர் து யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் ஆர்ட்டெமிசினினில் பார்த்தீனினுக்கு இருக்கிற கொளுக்கி இல்லை. அது வேறு விதமாக, மலேரியாக் கிருமி இருக்கிற இடத்திலுள்ள இரும்போடு சேர்ந்து வேலை செய்கிறது. அதோடு, செடியை அவித்தபோது சரியான பலன் கிடைக்காமல், குறைந்த சூட்டில் ஈதரில் பிரித்த பிறகுதான் அவருக்குப் பலன் கிடைத்தது. அவித்துக் குடி என்று சொல்கிற வீடியோவுக்கு அந்தக் கதை சாட்சி சொல்லாது.

மாமிக்குச் சீனி வருத்தம் என்றால் ஏற்கெனவே குளிசை எடுப்பா. அதற்கு மேலே இதையும் குடித்தால் ஈரலும் சிறுநீரகமும் இரண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். மூட்டுவலிக்கு நாட்டு வைத்தியம்தான் வேண்டும் என்று அவ நின்றால், கைதடிச் சித்த போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். படித்த சித்த மருத்துவர் பார்த்துத் தருகிற எண்ணெய் எவ்வளவோ மேல். குளிசைச் சீட்டையும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்காதீர்கள். பசி வந்தால் ஆடு கொஞ்சம் கடிக்கும். மாட்டுக்கும் எருமைக்கும் தீனியில் கணிசமாகக் கலந்து கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வுகளில் தோல் அழற்சி, வாய்ப்புண், குடல் புண் வந்து சில இறந்தும் போயின. கொஞ்சமாகத் தின்கிற மாட்டின் பாலில் கைப்பு ஏறும், அது பார்த்தீனினின் கைப்புத்தான். வேலிக்கு வெளியே கட்டுகிறவர்கள் கயிற்றின் நீளத்தைப் பார்த்துக் கட்டினால் போதும்.

இனி அந்தச் செடியை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். ஒரு பூவை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் (கணவர் அல்ல, வேறு யாராவது) அது ஒரு பூ இல்லை, ஐந்து மூலை உள்ள ஒரு பூத்தலை என்று தெரியும். மூலைக்கு ஒன்றாக ஐந்து கறுப்பு விதை. ஒவ்வொரு விதையின் இரண்டு பக்கத்திலும் காய்ந்த பூவின் மிச்சம் சிறகுபோல ஒட்டியிருக்கும். காற்றுக்கும் வெள்ளத்துக்கும் மிதக்க அதுதான் உதவி. ஒரு தலைக்கு ஐந்துதானே என்று நினைக்காதீர்கள். நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை கொட்டும், புதைந்த விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முளைத்து நாலு முதல் ஆறு கிழமையில் பூத்துவிடும்.

இந்தக் கணக்கிலிருந்துதான் வேலையும் வருகிறது. ஐப்பசி மழை விழுந்து, கரட் இலை மாதிரித் தரையோடு வட்டமாகப் படர்ந்து நிற்கிறபோதே பிடுங்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால் வேரோடு வரும். கத்தியால் வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் துளிர்த்து, இந்தமுறை குட்டையாக நின்றுகொண்டே பூக்கும். பிறகு மூன்று கிழமைக்கு ஒருக்கால் வேலியைச் சுற்றி வாருங்கள். அப்படி வந்தால் செடி பூப்பதற்கு முந்திப் பிடுங்கிவிடலாம். பிடுங்குகிறவர் முழுக்கைச் சேட்டு, முகக்கவசம், தடித்த கையுறை போட வேண்டும். காற்றில்லாத காலை நேரம் நல்லது. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும்.

பூக்காமல் பிடுங்கினதைத் தாராளமாகக் கூட்டெரு போடலாம். பார்த்தீனியத்தால் தோட்டத்துக்கு நான் ஒப்புக்கொள்கிற ஒரே பயன் அதுதான். நைதரசனும் பொட்டாசியமும் நன்றாக இருக்கிற குழை. சாணி, வைக்கோல், காய்ந்த சருகு கலந்து, குவியலின் நடுவில் சூடு 55 பாகைக்கு மேல் ஏற வேண்டும். இரும்புக் கம்பியை நடுவில் குத்திக் கொஞ்ச நேரம் விட்டு இழுத்துப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் சரி. ஓரத்தில் கிடப்பதை நடுவுக்குப் புரட்டிப் போட வேண்டும். பார்த்தீனினும் பீனோல்களும் அந்தச் சூட்டிலும் நுண்ணங்கிகளின் வேலையிலும் சிதையும். பூவரசும் கிளிசரிடியாவும் தாழ்க்கிற மாதிரிப் பச்சையாகவே குழை தாழ்த்துவிடாதீர்கள். அந்த நச்சு சிதைவதற்கு முன் வெங்காயம் ஊன்றினால், மேலே சொன்ன குறண்டல் மண்வழியாக வரும்.

பூத்துவிட்டதைக் கூட்டெருவில் சேர்க்க வேண்டாம். வீட்டுக் குவியலில் ஓரம் சூடாகாமல் நிற்பது எப்போதும் நடக்கிறது, ஒரு பிடி விதை தப்பினால் போதும். கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, வெயிலில் பல கிழமை விட்டு அழுகவையுங்கள். கிணற்றுக்குத் தள்ளி ஆழக் கிடங்கு வெட்டிப் புதைக்கலாம். ஆட்கள் நிற்கிற இடத்தில் எரிக்காதீர்கள். புகையும் அதோடு எழும்புகிற தூசும் சொறிகிறவரின் முகத்துக்குத்தான் வரும். இந்திய வீடியோக்களில் நூறு லீற்றருக்கு இருபது கிலோ உப்புக் கரைத்து அடிக்கச் சொல்வார்கள். தெருவோரத்துக்கு அங்கே பரவாயில்லை. ஏற்கெனவே உவர் ஏறுகிற யாழ்ப்பாணக் கிணறுகளுக்குப் பக்கத்தில் அதைச் செய்தால் செடி போகும், அப்புறம் கிணறும் போகும்.

பிடுங்கின இடத்தை வெறுமையாக விடாதீர்கள், வெறும் நிலம்தான் அதற்குப் பிடித்த இடம். வேலியோரத்தில் காவிளாயோ தகரையோ தூவிவிடுங்கள். இரண்டும் நெருக்கமாக எழும்பிப் பார்த்தீனிய முளையை அமுக்கும், காவிளாய் பிறகு நல்ல பசளைக் குழையும் ஆகும். வெளியிலிருந்து லொறியில் எரு இறக்கினால் அதை உடனே பரப்பாமல் குவித்து நனைத்துச் சூடேற விடுங்கள், பலருக்கு விதை வருவது அந்த வழியால்தான். பக்கத்துக் காணிக்கு நீங்கள் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இப்படியான களைகளுக்கும் பொருந்துகிற சட்டம். உங்கள் விவசாயப் போதனாசிரியருக்கும் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்கும் எழுத்தில் கொடுங்கள், காணிக்காரருக்கும் ஒரு படத்தை வைபரில் அனுப்புங்கள். ஊர்ப்பக்கத்து ஆட்களை வைத்து அவரே கூலி கொடுத்துப் பிடுங்குவித்தால் எல்லோருக்கும் சுகம்.

அப்போ வெங்காயத்துக்கு என்ன அடிப்பது? வேம்புதான். சலிப்பாக இருக்கும், ஒவ்வொரு முறையும் இதையே சொல்கிறார் என்று. ஆனால் வளவுக்குள் மரம் நிற்க, வேலிக்கு வெளியே மருந்து தேடுவானேன்? ஆனி தொடங்கி ஆவணி வரை விழுகிற பழத்தைப் பொறுக்கி, தசையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பையில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துப் பயனில்லாமல் போகும். தேவைப்படுகிறபோது கோதை உடைத்துப் பருப்பை எடுத்து இடியுங்கள். ஒரு லீற்றருக்கு 50 கிராம் கணக்கு. 16 லீற்றர் தாங்கிக்கு 800 கிராம். இரவு முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடியுங்கள், இல்லாவிட்டால் நொசில் அடைக்கும். வெங்காயத் தாளில் மெழுகு இருப்பதால் வெறும் கரைசல் உருண்டு விழுந்துவிடும். கொஞ்சம் சவர்க்காரம் சீவிக் கரைத்துச் சேர்த்தால்தான் பிடிக்கும். வெயில் சாய்ந்த பிறகு அடியுங்கள், அசாடிராக்ரின் வெயிலில் கெட்டுப்போகும். கரைத்ததை அன்றன்றே முடியுங்கள். மறுநாள் காலையில் புழு செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தின்பதை நிறுத்தி, தோல் உரிக்க முடியாமல் சில நாளில்தான் சாகும். ஒரு கிழமை கழித்துத் திரும்ப ஒருக்கால் அடிக்க வேண்டிவரும். (வேம்பும் வாய்க்குள் ஊற்றுகிற சாமான் இல்லை. குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் பருக்கி மூளை பாதித்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.)

உங்கள் தோட்டத்தில் என்ன பூச்சி என்று நீங்கள் எழுதவில்லை. தாளில் வெள்ளி நிறத்தில் கீறல் கீறலாக இருந்தால் அது பனிப்பூச்சி, வேம்புக்கு நன்றாகக் கேட்கும். தாள் வெளிறிக் கண்ணாடி மாதிரித் தெரிந்தால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், பச்சைப் புழு உள்ளே இருக்கும். உள்ளே போனதை எந்தக் கரைசலும் தொடாது. அதற்கு முந்தி, தாளின் நுனிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு ஒட்டினதுபோல முட்டைக் கூட்டம் இருக்கும். காலையில் பாத்திக்குள் நடந்து அந்த நுனிகளைக் கிள்ளி ஒரு சிரட்டைக்குள் சேர்த்து நசுக்கினால், அந்தக் கிழமை வேம்புகூடத் தேவைப்படாமல் போகலாம். எது என்று பார்த்து எழுதுங்கள், மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.